பட்டியலில் இல்லாத வரைகலை அட்டை

கணினி விளையாட்டு ஒன்றை முதன்முறை திறக்கும்போது, அது கணினியின் திறனைத் தானாகவே கணித்து, நிழல்களின் நேர்த்தி, தொலைவில் தெரியும் பொருள்களின் விவரம், திரையின் துல்லியம் ஆகியவை எந்த அளவில் இருக்க வேண்டும் என்று பரிந்துரைப்பது வழக்கம். குறைவு, நடுத்தரம், உயர்வு என்று படிநிலைகளாக வரும் இந்தப் பரிந்துரையைப் பயனர்கள் பலர், கணினியை முறையாகச் சோதித்து வழங்கப்பட்ட தீர்ப்பாகவே ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால், விலை உயர்ந்த புதிய வரைகலை அட்டை பொருத்திய கணினியிலும்கூட, பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய விளையாட்டு ஒன்று மிகக் குறைந்த நிலையையே பரிந்துரைப்பதுண்டு. அட்டையின் வலிமையை அறிய அந்த விளையாட்டு கையாளும் வழியை ஆராய்ந்தால் இதற்கான காரணம் விளங்கும்.

பேச்சுவழக்கில் கிராபிக்ஸ் கார்டு எனப்படும் வரைகலை அட்டை, திரைக்காட்சிகளைக் கணக்கிட்டு வரைவதற்கென்றே அமைந்த செயலியையும் அதற்கான தனி நினைவகத்தையும் கொண்டது. ஒவ்வொரு அட்டையும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள இரண்டு அடையாள எண்களைத் தாங்கியிருக்கிறது; ஒன்று தயாரித்த நிறுவனத்தையும் மற்றொன்று மாதிரியையும் குறிக்கும். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. அது அந்நிறுவனம் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் ஆகும். ஏஎம்டியின் ரேடியான் அட்டைகள் தாங்கும் 1002 என்ற எண், 2006இல் ஏஎம்டி வாங்கிய ஏடிஐ நிறுவனத்திடமிருந்து வந்தது. இந்த எண்கள் அட்டை எது என்பதைத் தெரிவிக்குமேயன்றி, அது எவ்வளவு வேகமானது என்பதைத் தெரிவிப்பதில்லை. எனவே, எந்த எண்ணுக்கு எந்தத் தரம் என்று முன்கூட்டியே எழுதிவைத்த பட்டியல் ஒன்று விளையாட்டுக்குத் தேவைப்படுகிறது.

2009 ஜூனில் வெளியான சிம்ஸ் 3 விளையாட்டில் இதை வெளிப்படையாகவே காணலாம். அதன் நிறுவல் கோப்புறையில், அட்டைகளின் பட்டியல் ஒரு கோப்பாகவும், எந்தத் தர அட்டைக்கு எந்த அமைப்பு என்ற விதிகள் மற்றொரு கோப்பாகவும் இருக்கின்றன. விளையாட்டு தொடங்கும்போது, தான் கண்டறிந்தவற்றை ஒரு பதிவுக் கோப்பிலும் எழுதிவைக்கிறது. புதிய அட்டை உள்ள கணினியில் அந்தப் பதிவைத் திறந்தால், ஒரு வரியில் அட்டையின் முழுப் பெயர் பிழையின்றி இருக்க, அடுத்த வரியில் பட்டியலில் கண்டது சுழி என்ற குறிப்பு காணப்படும். அதாவது, பெயர் தெரிந்தும் தரம் தெரியாமல் விளையாட்டு தடுமாறுகிறது. நேரில் வந்து நிற்பவரின் பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லையென்றால் என்ன நேருமோ, அதுவே இங்கும் நேருகிறது. ஆர்வலர்கள் அந்தப் பட்டியலைச் சாதாரண நோட்பேடில் திறந்து, தங்கள் அட்டைக்கு ஒரு வரியைச் சேர்த்துவிட, விளையாட்டு அட்டையை உடனே இனங்கண்டுகொள்கிறது. 2004இல் வந்த சிம்ஸ் 2 இன்னும் கடுமையானது. அறியாத அட்டையைக் கண்டால் திரையின் துல்லியத்தை 800க்கு 600 புள்ளிகளுடன் நிறுத்திவிடுவது அதன் இயல்பு.

தெரியாத அட்டையைத் தாழ்ந்ததாகக் கருதியதற்கு அக்காலத்தில் தக்க நியாயம் இருந்தது. தகுதிக்கு மீறிய அமைப்பைப் பரிந்துரைத்தால் விளையாட்டு திணறும், சில வேளைகளில் நின்றே போகும். தாழ்ந்த அமைப்பைப் பரிந்துரைத்தால் அழகு மட்டுமே குறையும் என்பதால், ஐயம் எழும்போது தாழ்வதே பாதுகாப்பு என்று நிரலாளர்கள் முடிவு செய்தார்கள். ஆனால், விளையாட்டு வெளியான பின் ஆண்டுகள் செல்லச் செல்ல, பட்டியலில் இல்லாத அட்டை என்பது பெரும்பாலும் பட்டியலுக்குப் பின்னர் பிறந்த, அதனினும் வலிய அட்டையாகவே இருக்கிறது. முன்னெச்சரிக்கையாக எழுதப்பட்ட விதி, காலம் மாறியும் தான் மாறாததால், நேர் எதிரான விளைவைத் தருகிறது.

இரண்டாவது காரணம் நினைவகத்தைக் கணக்கிடுவதில் உள்ளது. பழைய நிரல்கள் பல, நினைவகத்தின் அளவை 32 பிட் எண்ணாக, அதாவது 32 இரும இலக்கங்களுக்குள் அடங்கும் எண்ணாகவே பதிவு செய்கின்றன. அத்தகைய எண்ணால் 4 ஜிபிக்கு மேல் எதையும் குறிக்க இயலாது. எல்லையைத் தாண்டிய பகுதி உதிர்ந்துபோனால், 6 ஜிபி நினைவகம் 2 ஜிபியாகவும், 8 ஜிபி நினைவகம் சுழியாகவும் தோன்றக்கூடும். விண்டோஸில் டபிள்யூஎம்ஐ எனப்படும் தகவல் வசதியே வரைகலை நினைவகத்தை இன்றும் 32 பிட் எண்ணாகத்தான் தருகிறது. 2008 டிசம்பரில் கணினிக்கு வெளியான கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4 போன்ற விளையாட்டுகள், தாம் கண்ட நினைவக அளவைத் தாண்டும் அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கவே விடுவதில்லை என்பதால், அங்கே தவறான எண் ஒரு பூட்டாகவே மாறிவிடுகிறது. இந்தத் தடையை நீக்குவதற்கென்று அந்த விளையாட்டிலேயே தனித் தொடக்கக் கட்டளை ஒன்று இருப்பது கருதத்தக்கது.

மடிக்கணினிகளில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. மின்கலத்தைச் சேமிப்பதற்காக, அவற்றுள் பல, மையச் செயலியோடு இணைந்த எளிய வரைகலைச் செயலியையும் வலிமை மிக்க தனிச் செயலியையும் ஒருங்கே கொண்டிருக்கின்றன. என்விடியா 2010இல் ஆப்டிமஸ் என்ற பெயரில் இவற்றைத் தானாக மாற்றிப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தது. விளையாட்டு முதலில் தென்படும் செயலியையே எடுத்துக்கொண்டால், எளிய செயலிக்குரிய பரிந்துரையே கிடைக்கும். மேலும், இணைந்த செயலி தனக்கென்று 128 எம்பி மட்டுமே ஒதுக்கிக்கொண்டு, எஞ்சியதைக் கணினியின் பொது நினைவகத்திலிருந்து பெறுவதுண்டு என்பதால், தனி நினைவகத்தை மட்டும் பார்க்கும் விளையாட்டு அதன் உண்மையான திறனையும் குறைத்தே மதிப்பிடுகிறது.

பட்டியலை நம்பாமல் நேரடியாக அளந்து பார்ப்பது இதற்கு மாற்று வழி. விளையாட்டுகளை உருவாக்கப் பயன்படும் அன்ரியல் எஞ்சின் என்ற மென்பொருளில், சிறு வரைகலைப் பணிகளைக் கொடுத்து, அவை முடிய ஆகும் நேரத்தைக் கொண்டு மதிப்பெண் வழங்கும் வசதி இருக்கிறது. அதில் சராசரியான நல்ல அட்டைக்கு 100 என்பது அளவுகோல். இந்த முறைக்கும் குறைகள் உண்டு. மின்சாரத்தைச் சேமிக்கும் நிலையில் அட்டை மந்தமாக இயங்கும் கணத்திலோ, பின்னணியில் வேறு பணி நடக்கும்போதோ அளந்தால் மதிப்பெண் குறைந்துவிடும். எனினும், புதிய அட்டையைப் புதியது என்பதற்காகவே தாழ்த்தும் தவறு இதில் நேர்வதில்லை.

ஆகவே, விளையாட்டின் பரிந்துரையை முதல் மதிப்பீடாக மட்டுமே கொள்வது நல்லது. டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள் சரியாக நிறுவப்பட்டிருக்கிறதா, மடிக்கணினியாயின் விண்டோஸின் கிராபிக்ஸ் அமைப்பில் அந்த விளையாட்டுக்கு உயர்திறன் செயலி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகு, அமைப்புகளை ஒவ்வொரு படியாக உயர்த்தி, காட்சி தடையின்றி ஓடுகிறதா என்று கண்ணால் சோதிப்பதே நம்பத்தக்க வழி. இதைச் செய்யாமல், பரிந்துரையை மட்டும் நம்பிப் புதிய அட்டைக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவிடுவது வீண். விளையாட்டை உருவாக்குபவர்களுக்கும் இதில் கடமை உண்டு: எந்த அடிப்படையில் பரிந்துரைக்கிறோம் என்பதைத் திரையிலேயே காட்ட வேண்டும், தெரியாத அட்டையைத் தெரியவில்லை என்றே சொல்ல வேண்டும், அந்தப் பரிந்துரையை மீறும் உரிமையைப் பயனரிடமே விட வேண்டும்.