காரின் முன்பக்க ஸ்டெபிலைசர் பார் புஷ் மாற்றுதல்

ஸ்டெபிலைசர் பார் புஷ் என்பது காரின் முன்பக்க சஸ்பென்ஷனில் உள்ள ஸ்டெபிலைசர் பார் என்னும் எஃகுத் தண்டை வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும் ரப்பர்த் துண்டாகும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு புஷ்கள் இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தச் சிறு பொருள் தேய்ந்தால், மேடுபள்ளத்தில் முன்பக்கத்திலிருந்து தட்டும் சத்தம் வரும். வளைவுகளில் வண்டி சாய்வது கூடியதாகத் தோன்றும். இந்தச் சத்தத்தை ஷாக் அப்சார்பர் கெட்டதாக எண்ணி வீண் செலவு செய்வோர் உண்டு.

பல கார்களில் இந்தப் புஷ்களை வீட்டிலேயே மாற்ற முடியும். ஆனால் மாருதி 800 போன்ற சில சிறிய கார்களில் இதே பார்தான் முன்சக்கரத்தை முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைக்கிறது. அத்தகைய கார்களில் இது வெறும் சத்தப் பிரச்சினை அன்று. பிரேக்கும் ஸ்டியரிங்கும் சார்ந்த பாதுகாப்புப் பிரச்சினை. எனவே தம் காரில் இருப்பது எந்த அமைப்பு என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை.

ஸ்டெபிலைசர் பாரின் வேலை

ஸ்டெபிலைசர் பார் 'ப' வடிவில் வளைக்கப்பட்ட சுருள்வில் எஃகுத் தண்டு. அதன் நடுப்பகுதி வண்டியின் குறுக்கே செல்லும். இரு முனைகளும் இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனோடு இணைந்திருக்கும். கனடாவின் பிரெடெரிக்டன் நகரைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் 1919இல் இத்தகைய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறி இறங்கும்போது பார் முறுக்கப்படுவதில்லை. புஷ்ஷுக்குள் சற்றுத் திரும்புவதோடு சரி. ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போதோ, வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போதோ பார் முறுக்கப்படுகிறது. அந்த முறுக்கத்தை எஃகு எதிர்ப்பதால் சாய்வு குறைகிறது. இந்த எதிர்ப்பு பாரின் விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. 22 மி.மீ. பாருக்குப் பதில் அதே வடிவில் 24 மி.மீ. பார் இருந்தால் விறைப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடும்.

முறுக்கத்தின்போது பார் அடிச்சட்டத்தை ஒரு பக்கம் மேலும் மறுபக்கம் கீழுமாகத் தள்ளும். அந்த விசை முழுவதும் புஷ் வழியாகவே செல்கிறது. ரப்பர் தேய்ந்து இடைவெளி ஏற்பட்டால் பார் முதலில் அந்த இடைவெளியைக் கடந்து, பிறகு இரும்பில் மோதும். ஓட்டுநருக்குக் கேட்கும் 'தட்' சத்தம் இதுதான்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சாலைகளும் தேய்வும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவு நான்குவழி நெடுஞ்சாலை உள்ளது. முன்பு தே.நெ. 45 என்றும் இப்போது தே.நெ. 132 என்றும் எண்ணிடப்பட்ட இச்சாலையில் தேய்ந்த புஷ் பெரும்பாலும் வெளிப்படாது. சமதளத்தில் இரு சக்கரங்களும் ஒன்றுபோல ஓடுகின்றன. வேகத்தில் எழும் காற்றொலியும் டயர் ஒலியும் சிறு தட்டல்களை மறைத்துவிடுகின்றன. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டும்வரை அமைதியாக வந்த கார், சர்வீஸ் சாலையிலிருந்து கிராமச் சாலைக்குத் திரும்பியதும் சத்தமிடத் தொடங்குவது இதனால்தான்.

கிராமச் சாலைகளின் வேகத்தடைகள் இன்னொரு காரணம். இந்தியச் சாலைக் காங்கிரசின் 99ஆம் எண் வழிகாட்டுதல்படி வளைந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டிருக்க வேண்டும். அகலம் குறைந்த, செங்குத்தான தடைகளில் சக்கரம் திடீரெனத் தூக்கப்படுகிறது. அடிப்பகுதி தட்டாமலிருக்கப் பலர் காரைச் சாய்வாக ஏற்றுவார்கள். அப்போது இரு சக்கரங்களும் வெவ்வேறு நேரத்தில் ஏறுவதால் பார் ஒவ்வொரு முறையும் முறுக்கப்படுகிறது.

வானூர் வட்டாரக் கல் குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றிச் செல்லும் லாரிகள் ஓடும் சாலைகளில் கற்பொடி மிகுதி. அது மழைநீரோடு சேர்ந்து பாருக்கும் ரப்பருக்கும் இடையில் புகுந்தால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. அத்தகைய வெள்ளத்தில் ஓடிய அல்லது நின்ற கார்களின் அடிப்பகுதியில் சேறு தங்கிவிடும். மரக்காணம் போன்ற உப்பளப் பகுதிகளில் ரப்பரை விட அதைப் பிடிக்கும் போல்ட்டுகளுக்கே பாதிப்பு அதிகம். உப்புக் காற்றில் அவை துருவேறி இறுகிவிடும்.

சத்தத்தை அடையாளம் காணுதல்

முன்பக்கத்தில் வரும் எல்லாச் சத்தமும் இந்தப் புஷ்ஷால் வருவதன்று. கீழ்க்காணும் வேறுபாடுகள் உதவும்.

- வேகத்தடையில் நேராக ஏறும்போது 'கிரீச்' என்று வரும் ஒலி: காய்ந்த புஷ்ஷுக்குள் பார் திரும்புவதால் வரலாம்.
- ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது வரும் 'தட் தட்': தேய்ந்த புஷ் அல்லது பாரின் முனையிலுள்ள லிங்க் ராடு.
- வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் வரும் சத்தம்: பெரும்பாலும் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட் அல்லது அதன் பேரிங்.
- பிரேக் பிடிக்கும்போது ஒருமுறை வரும் 'டக்': லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பார்க்க வேண்டும்.

நேரில் சோதிக்கும்போது இரு முன்சக்கரங்களும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் பார் முறுக்கப்பட்டு ரப்பரை ஒரு பக்கமாக அழுத்தும். இருக்கும் இடைவெளி மறைந்துவிடும். காரை இரு சாய்தளங்களில் ஏற்றி நிறுத்தி, புஷ்ஷுக்கு அருகில் பாரைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் தேய்ந்த புஷ்ஷில் ஆட்டம் தெரியும். வெடிப்பு, நசுங்கல், பாரைச் சுற்றிப் பளபளவென்று தேய்ந்த தடம் ஆகியவையும் அடையாளங்கள். அதே நேரத்தில் லிங்க் ராடின் பந்து மூட்டுகளையும் அசைத்துப் பார்ப்பது நல்லது.

இருவகை அமைப்புகள்

முதல் வகையில் லோயர் ஆர்ம் முக்கோண வடிவிலோ எல் வடிவிலோ இருந்து, அடிச்சட்டத்தில் இரு இடங்களில் பிடிக்கப்பட்டிருக்கும். சக்கரத்தை இடத்தில் வைத்திருப்பது அந்த ஆர்ம்தான். ஸ்டெபிலைசர் பாரின் முனை ஒரு தனி லிங்க் ராடு வழியாக ஸ்ட்ரட்டோடு அல்லது ஆர்மோடு இணைந்திருக்கும். இன்றைய கார்கள் பலவற்றில் இந்த அமைப்பே உள்ளது. பாரைக் கழற்றினாலும் சக்கரம் இடம் மாறாது.

இரண்டாம் வகையில் லோயர் ஆர்ம் ஒற்றைக் கை போன்றது. அடிச்சட்டத்தில் ஓரிடத்தில் மட்டுமே பிடிக்கப்பட்டிருக்கும். ஸ்டெபிலைசர் பாரின் முனை அந்த ஆர்மின் துளை வழியாகவே சென்று நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2014இல் உற்பத்தி நின்ற மாருதி 800, 2000இல் வந்த முதல் ஆல்டோ ஆகியவை இந்த வகை. இங்கு பார் சாய்வைக் குறைப்பதோடு, சக்கரத்தை முன்பின் நகராமலும் தாங்குகிறது. புஷ் தேய்ந்தால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னோக்கி நகரும். கார் ஒரு பக்கம் இழுக்கலாம். டயரும் ஒழுங்கற்றுத் தேயும்.

காரின் அடியில் பார்த்தால் வேறுபாடு எளிதில் தெரியும். பாரின் முனையில் தனி லிங்க் ராடு இருந்தால் முதல் வகை. பார் நேராக ஆர்முக்குள் நுழைந்திருந்தால் இரண்டாம் வகை. இரண்டாம் வகைக் கார்களில் பணியை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்து, முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்ப்பதே சரி. முதல் வகையிலும் சில கார்களில் கிளாம்ப் போல்ட்டுகள் சப்ஃபிரேமுக்கு மேலே மறைந்திருக்கும். சப்ஃபிரேமை இறக்கினால்தான் ஸ்பானர் நுழையும் என்றால் அதுவும் வீட்டு வேலை அன்று. கீழே உள்ள முறை, முதல் வகையில் போல்ட்டுகள் எளிதில் எட்டும் கார்களுக்கு மட்டுமே பொருந்தும்.

புதிய புஷ் வாங்குதல்

ஒரே மாடலிலும் இன்ஜினையும் ஆண்டையும் பொறுத்து பாரின் விட்டம் மாறலாம். ஒரு மி.மீ. வேறுபாடு இருந்தாலும் புஷ் தளர்வாகவோ நசுங்கியோ உட்காரும். எனவே ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணைக் கொண்டு உதிரிபாகக் கடையில் சரியான எண்ணுள்ள புஷ்ஷைக் கேட்க வேண்டும். இரு பக்கமும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். பாலியூரித்தேன் புஷ்கள் ரப்பரை விட விறைப்பானவை. அதிர்வைக் கூடுதலாக உள்ளே கடத்தும். அன்றாடப் பயன்பாட்டுக்கு ரப்பரே போதும்.

காரைத் தூக்கி நிறுத்துதல்

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான பகுதி இது ஒன்றே. காருடன் தரப்படும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டும் உரியது. ஜாக்கியில் மட்டும் நிற்கும் காரின் அடியில் எவரும் போகக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் ஆகியவற்றை அடுக்கித் தாங்கு கொடுக்கவும் கூடாது. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கக்கூடியவை.

தரை சமமான சிமென்ட் தளமாக இருக்க வேண்டும். மண் வாசலில் ஸ்டாண்டின் கால் புதையும். சித்திரை வெயிலில் இளகிய தார்ச் சாலையிலும் அப்படியே. முன்சக்கர இயக்கக் கார்களில் முன்பக்கத்தைத் தூக்கியபின் கியரில் போட்டிருப்பது பயன் தராது. அதனால் ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். பிறகு உற்பத்தியாளர் குறித்த இடங்களில் இரு ஸ்டாண்டுகளைக் கொடுத்து இரு சக்கரங்களையும் ஒரே அளவு தூக்க வேண்டும். கழற்றிய சக்கரங்களைக் காரின் அடியில் படுக்க வைத்தால் கூடுதல் காப்பு கிடைக்கும். அடியில் நுழையுமுன் காரைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். அருகில் இன்னொருவர் இருக்க வேண்டும்.

மாற்றும் முறை

1. இன்ஜினும் சைலன்சர் குழாயும் ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.
2. கிளாம்ப் போல்ட்டுகளைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயை போல்ட்டில் மட்டும் தெளித்துச் சற்று ஊற விட வேண்டும். பிரேக் டிஸ்க்கில் அது படக் கூடாது.
3. பழைய புஷ்ஷின் பிளவு எந்தத் திசையில் உள்ளது என்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டும்.
4. இரு பக்க கிளாம்ப் போல்ட்டுகளையும் தளர்த்தி, பிறகு ஒவ்வொரு பக்கமாகக் கழற்ற வேண்டும். இறுகிய போல்ட்டை ஒரேயடியாகத் திருகாமல் சற்று முன்னும் பின்னுமாகத் திருப்பினால் முறியும் வாய்ப்பு குறையும்.
5. பிளவை விரித்துப் பழைய புஷ்ஷை எடுக்க வேண்டும். சில கார்களில் புஷ் பாரோடு ஒட்டப்பட்டிருக்கும். அவற்றில் பாரையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கலாம்.
6. பாரில் புஷ் உட்காரும் இடத்தைத் துடைத்துப் பார்க்க வேண்டும். மேல்துரு தேய்த்தால் போய்விடும். ஆழமான பள்ளம் விழுந்திருந்தால் புதிய புஷ்ஷும் விரைவில் தேயும். பாரையே மாற்ற வேண்டும்.
7. புதிய புஷ்ஷைப் பழைய திசையிலேயே பொருத்த வேண்டும். நுழையவில்லை என்றால் சோப்புத் தண்ணீர் போதும். சாதாரண கிரீஸ், இன்ஜின் ஆயில், டீசல் ஆகியவை இயற்கை ரப்பரை ஊதி மென்மையாக்கிவிடும்; அவற்றைத் தடவக் கூடாது.
8. கிளாம்பை வைத்து இரு போல்ட்டுகளையும் கையால் மாறிமாறிப் பிடிக்க வேண்டும். ஒரு போல்ட்டை முழுதும் இறுக்கிவிட்டால் மறுதுளை விலகிப் போகும்.
9. சக்கரங்களை மாட்டி, ஸ்டாண்டுகளை எடுத்து, காரைச் சாய்தளங்களில் ஏற்றியபின் இறுதியாக இறுக்க வேண்டும்.

கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சக்கரங்கள் தொங்கும்போது பார் ஒரு கோணத்திலும், வண்டியின் எடை இறங்கியபின் வேறு கோணத்திலும் இருக்கும். தொங்கும் நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் பாரை அந்தக் கோணத்தில் கவ்விக்கொள்ளும். தரையில் இறங்கியதும் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து, விரைவில் வெடிக்கும். இறுக்க வேண்டிய அளவு காருக்குக் கார் மாறுவதால், உற்பத்தியாளரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள அளவை டார்க் ரெஞ்சால் வைக்க வேண்டும்.

முடித்த பின்

சக்கர நட்டுகளை மீண்டும் சரிபார்த்து, ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். சோதனைக்கு நெடுஞ்சாலையை விட ஒரு பக்கம் மட்டும் பள்ளமுள்ள தெருவே ஏற்றது. முதல் வகைக் கார்களில் புஷ் மாற்றியதற்காக மட்டும் வீல் அலைன்மென்ட் தேவையில்லை. சில நாட்கள் ஓடியபின் கிளாம்ப் போல்ட்டுகளை ஒருமுறை பார்ப்பது நல்லது.

சத்தம் நீடித்தால் அடுத்துப் பார்க்க வேண்டியவை லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட் ஆகியவை. கார் ஒரு பக்கம் இழுத்தாலோ, பிரேக்கின்போது ஸ்டியரிங் திரும்பினாலோ, அது சத்தத்தைத் தாண்டிய கோளாறு. தொலைதூரம் ஓட்டாமல் பணிமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.