செய்தி கேட்டதும் சேமிப்பைக் கலைக்கலாமா?



நெல் போட்ட பணமோ, மஞ்சள் விற்ற பணமோ, கையில் நாலு காசு நின்றால் பாங்கில் போட்டு வைக்கிறோம். திடீரென்று ஒரு நாள், "அந்த பாங்கு ஆட்டம் காணுதாம்" என்று டீக்கடையில் பேச்சு வருகிறது. உடனே பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டுமா? கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கரூரில் 1926-ல் தொடங்கியது லட்சுமி விலாஸ் பாங்கு. 2020 நவம்பர் 17-ம் தேதி அதற்கு மத்திய அரசு தடை போட்டது. ரூ.25,000-க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். பத்தே நாளில், நவம்பர் 27-ல், அதை டி.பி.எஸ். பாங்கோடு இணைத்தார்கள். தடையும் நீங்கியது. டெபாசிட்காரர்கள் பணம் முழுசாக நின்றது. பங்கு வாங்கியவர்களுக்கோ ஒரு பைசா மிஞ்சவில்லை.

இது ஏன் தெரியுமா? டெபாசிட் என்பது பாங்குக்கு நாம் கொடுக்கும் கடன். பங்கு என்பது அந்தத் தொழிலில் கூட்டு. நஷ்டம் வந்தால் முதலில் கூட்டாளி தலையில்தான் விழும்.

எல்லாத் தடவையும் இணைப்பு நடந்துவிடாது. அதற்காகத்தான் டெபாசிட் இன்சூரன்ஸ் இருக்கிறது. 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு பாங்கில் அசலும் வட்டியும் சேர்த்து ரூ.5 லட்சம் வரை காப்பு உண்டு. பிரீமியத்தை பாங்கே கட்டிவிடும். ஒரே பாங்கின் நாலு கிளைகளில் போட்டாலும் மொத்தத்துக்கும் அதே 5 லட்சம்தான். வேறு வேறு பாங்கு என்றால் தனித்தனிக் காப்பு. மாவட்ட மத்தியக் கூட்டுறவு பாங்குக்கும் இது உண்டு. ஆனால் ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்துக்கு இந்தக் காப்பு கிடையாது. அங்கே எவ்வளவு வைப்பது என்று யோசித்து வையுங்கள். தபாலாபீஸ் சேமிப்புக்கு மத்திய அரசே பொறுப்பு.

பங்குச் சந்தை வேறு மாதிரி. 2020 ஜனவரியில் 42,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், மார்ச் 23-ல் 26,000-க்கும் கீழே விழுந்தது. டிசம்பர் கடைசியில் 47,000-ஐத் தாண்டியது. பொறுத்தவர் பிழைத்தார். ஆனால் நடுவில் உரம் வாங்கவும் ஆள் கூலிக்கும் பணம் தேவைப்பட்டவர் எப்படிப் பொறுப்பார்? கிடைத்த விலைக்கு விற்க வேண்டியதுதான்.

ஆகவே பணத்தை முதலில் பிரியுங்கள். விதை நெல்லை யாரும் சோறாக்க மாட்டோம், இல்லையா? அதுபோல அடுத்த போகச் செலவு, பிள்ளைகள் படிப்பு, கல்யாணம் இதற்கெல்லாம் ஆன பணம் பாங்கிலோ தபாலாபீசிலோ இருக்கட்டும். ஐந்தாறு வருஷத்துக்குத் தொட வேண்டாத பணம் இருந்தால், அதில் ஒரு பகுதியை மட்டும் பங்கிலோ மியூச்சுவல் ஃபண்டிலோ போடலாம்.

இன்னொரு விஷயம். பயத்தில் டெபாசிட்டை முன்கூட்டியே உடைத்தால் வட்டி குறையும். அந்த நேரம் பார்த்து, "என்கிட்ட கொடுங்க, மாசம் நூற்றுக்கு மூணு வட்டி தரேன்" என்று ஒருத்தர் வருவார். வருஷத்துக்கு 36 ரூபாய்! எந்த வெள்ளாமையில் அதை எடுத்துக் கொடுப்பார் என்று அவரையே கேளுங்கள்.

அடுத்த தடவை பேச்சு கிளம்பினால், என் பணம் எங்கே இருக்கு, அதற்குக் காப்பு உண்டா, எப்போது தேவை என்ற மூன்றையும் பாருங்கள். பிறகு முடிவெடுங்கள்.