யாரை யார் மறிப்பார்? கூடைப்பந்தில் முன்கூட்டியே கணிப்பது எப்படி?

பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? விசில் ஊதியதும் ஐந்து பேரும் ஆளுக்கொருவரை மறித்து நிற்பார்கள். யாருக்கு யார் என்பது எப்படி முடிவாகிறது?

கம்பம் பள்ளத்தாக்கில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் அடங்காது. பலவீனமான வரப்பைத் தேடி உடைக்கும். தாக்கும் அணியும் அப்படித்தான்.

யாருக்கு யார் என்பதை முடிவுசெய்வது முதலில் உயரம். கூடை 3.05 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அதனடியில் நெட்டையருக்கு நெட்டையரே காவல். அடுத்து, எறியும் தூரம். 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து குறி தவறாமல் எறிபவரை ஒட்டியே நிற்க வேண்டும்.

எதிரணி சும்மா இருக்குமா? ஒருவர் சுவர்போல் குறுக்கே நின்று காவலரைத் தடுப்பார். ஆள் மாறும், நெட்டையரிடம் குட்டையர் சிக்குவார். ஆகவே, 'எந்த வரப்பு முதலில் உடையும்?' என்பதே சரியான கேள்வி.

அமெரிக்காவின் என்பிஏ இறுதித் தொடரில் 7 ஆட்டங்கள் வரை உண்டு. ஒவ்வொன்றும் ஓர் உடைப்பைக் காட்டிக்கொடுக்கும். 2015-ல் பின்தங்கியிருந்த கோல்டன் ஸ்டேட் அணி, 4-வது ஆட்டத்தில் ஆந்த்ரே இகுடாலாவைத் தொடக்க ஐவரில் சேர்த்தது. எதிரணியின் லெப்ரான் ஜேம்ஸை மறித்த அவரே தொடர் நாயகன் ஆனார், கோப்பையும் கிடைத்தது.

அடுத்த முறை பந்தை விட்டுவிட்டு, மறிப்பவரின் கால்களைக் கவனியுங்கள். கணிப்பு உங்களுக்கும் கைவரும்.