வீட்டில் வைத்திருக்கும் கைத்துப்பாக்கி

துவக்கு என்றதும் இலங்கைக் கிராமவாசியின் நினைவுக்கு வருவது, காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்கும் நீண்ட குழலுடைய ஆயுதமே. அதையும் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இன்றி எவரும் வைத்திருத்தல் இயலாது. ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே எத்தனையோ இலட்சம் வீடுகளில், படுக்கைக்குப் பக்கத்திலுள்ள மேசை அறையிலோ அலுமாரியின் மேல்தட்டிலோ, ஒரு கைத்துப்பாக்கி இருக்கின்றது. வேட்டைக்காக அன்று, நள்ளிரவில் கதவை உடைத்துக்கொண்டு வருபவனை எதிர்ப்பதற்காகவே அது வாங்கப்பட்டது.

இந்த உரிமையின் எல்லை யாது என்ற கேள்வி 2008ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. தலைநகராகிய வொஷிங்டனில் 1975ஆம் ஆண்டுச் சட்டமொன்று கைத்துப்பாக்கிகளைப் பெரும்பாலும் தடைசெய்திருந்தது. வீட்டிலுள்ள ஏனைய துப்பாக்கிகளையும் தோட்டா நீக்கிக் கழற்றியோ, விசைக்குப் பூட்டு இட்டோ வைக்கவேண்டும் என்றும் அது விதித்தது. ஹெல்லர் என்னும் காவலர் தொடுத்த வழக்கில், ஐந்து நீதியரசர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்று, அந்தச் சட்டம் செல்லாதெனத் தீர்த்தனர். ஆபத்து வேளையில் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி பூட்டச் சொல்வது தற்காப்பு உரிமையையே பறிப்பதாகும் என்பது பெரும்பான்மையோர் கருத்து. ஆயினும் நீதிமன்றம் தீர்த்தது சட்டத்தின் கேள்வியை மட்டுமே. உடனே கைக்கு எட்டவேண்டிய பொருள், எட்டக்கூடாத கைக்கு எட்டாதிருக்க வேண்டுமே. அதை எப்படிச் செய்வது என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டுக்காரனிடமும் அப்படியே இருக்கின்றது.

கைத்துப்பாக்கிகள் இரு பெருவகையின. சாமுவேல் கோல்ட் என்பவர் 1836இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சுழல்துப்பாக்கி, அதாவது றிவோல்வர், ஒரு வகை. ஐந்தோ ஆறோ தோட்டாக்களைத் தாங்கிய உருளை அதிலே சுழலும். உருளையை வெளியே திறந்து பார்த்தால், தோட்டா இருக்கின்றதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். மற்றையது தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல். ஜோன் பிரௌனிங் வகுத்து, அமெரிக்கப் படை 1911இல் ஏற்றுக்கொண்ட பிஸ்டல் இவ்வகையிற் புகழ்பெற்றது. கைப்பிடிக்குள் செருகப்படும் மகசின் ஏழு தோட்டாக்களைக் கொள்ளும். சுடும்போது குழலின் மேலுள்ள உலோக உறை பின்னே ஓடி, வெற்றுக் கோதை வெளியே எறிந்து, முன்னே திரும்புகையில் அடுத்த தோட்டாவை வெடியறைக்குள் தள்ளிவிடும்.

துப்புரவு செய்யும்போது நேரும் மரணங்களுக்கு மூலம் இங்கேதான் இருக்கின்றது. மகசினைக் கழற்றியவுடன் பிஸ்டல் வெறுமையாகிவிட்டது என்று எண்ணுபவன் வெடியறையில் ஏறியிருக்கும் ஒரு தோட்டாவை மறந்துவிடுகிறான். முதலில் மகசினை எடுத்தல் வேண்டும். அதன்பின் மேலுறையை இழுத்து வெடியறையில் உள்ளதை வெளியேற்றல் வேண்டும். இறுதியாக வெளிச்சத்தில் கண்ணாற் பார்த்தும், விரலால் தொட்டும் உறுதிசெய்தல் வேண்டும். இந்த வரிசை மாறினால் விபரீதம். மேலுறையை முதலில் இழுத்து, பிறகு மகசினை எடுப்பவன், ஒரு தோட்டாவை வெளியே எறிந்துவிட்டு இன்னொன்றைத் தானே உள்ளே ஏற்றிவிடுகிறான். ஆனால் தரையில் விழுந்த தோட்டாவைக் கண்டு நிம்மதி அடைகிறான்! மகசின் இல்லாதபோது சுடாதபடி தடுக்கும் பொறி சிலவற்றில் உண்டு. 1935இல் பெல்ஜியத்தில் வெளிவந்த பிரௌனிங் பிஸ்டலில் அது இருந்தது. பலவற்றில் இல்லை. ஒஸ்திரிய நாட்டுக் குளொக் பிஸ்டலைக் கழற்றுவதற்கு முன்பு விசையை ஒருமுறை அழுத்தவே வேண்டும். ஆகவே, சோதியாமல் அதைக் கழற்ற முனைபவன் துப்பாக்கியைச் சுட்டே கழற்றுகிறான் எனலாம்.

துப்புரவு செய்தல் பற்றிப் பழைய தலைமுறையினர் காட்டிய பதற்றத்துக்குக் காரணம் உண்டு. முற்காலத்தில் தோட்டாவின் அடியிலுள்ள தீமூட்டியில் பொட்டாசியம் குளோரேற்று கலந்திருந்தது. வெடித்தபின் அது ஒருவகை உப்பாகக் குழலினுள் படியும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி, விரைவிலேயே குழலைத் துருவால் அரித்துவிடும். எண்ணெயில் அந்த உப்புக் கரையாது, நீரிலேயே கரையும். ஆதலால் அக்காலத்தவர் கொதிநீர் ஊற்றிக் கழுவிய பின்னரே எண்ணெய் பூசினர். இன்று கடைகளில் விற்கும் புதிய தோட்டாக்களில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. பழைய இராணுவக் கையிருப்பிலிருந்து மலிவாக வாங்குபவர் மாத்திரம் இன்னும் கவனிக்கவேண்டும்.

துப்புரவு நடக்கும் மேசையில் ஒரு தோட்டாவும் இருத்தலாகாது. அவற்றை வேறு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவதே முறை. கரைப்பான் தோய்ந்த தூரிகையை இயன்றவரை குழலின் பின்புறத்திலிருந்து செலுத்தி, துணித்துண்டு வெள்ளையாக வெளிவரும்வரை துடைத்து, உராயும் இடங்களில் ஓரிரு துளி எண்ணெய் இட்டால் போதும். அதிக எண்ணெய் நன்மை செய்யும் என்று கருதுவது தவறு. மிகுதியான எண்ணெய் தூசியைப் பற்றிப் பிசினாக இறுகும். தோட்டாவின் தீமூட்டிக்குள் கசிந்து அதை வெடிக்காததாகவும் ஆக்கிவிடக்கூடும். தோலுறையிலே துப்பாக்கியை மாதக்கணக்காக வைப்பதும் தீது. பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். புளோரிடா, லூசியானா போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த கரையோர மாநிலங்களில் இப்படித் துருப்பிடித்தவை ஏராளம். சுடாமல் சும்மா கிடக்கும் துப்பாக்கியையும் இடையிடையே எடுத்துத் துடைக்கவேண்டியதன் காரணம் இதுவே.

இன்னொரு சிறு செய்தி பலருக்குத் தெரியாது. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப வெடியறையில் ஏற்றி இறக்கினால், அதன் முனையிலுள்ள ரவை சிறிது சிறிதாகக் கோதினுள் அமிழ்ந்துவிடும். அப்படி அமிழ்ந்த தோட்டா வெடிக்கும்போது அழுத்தம் அளவுக்கு மிஞ்சும். ஆதலால் அதை ஒதுக்கிவிட்டுப் புதியதை இடவேண்டும்.

இனிப் பயிற்சி. பெட்டியோடு வாங்கி, பத்துத் தோட்டா சுட்டுப் பார்த்து, அத்தோடு மறந்துவிடுபவர் அங்கே மிகப் பலர். பாதுகாப்புக்கென்று வாங்கிய பொருள் அவர்களிடத்தில் ஒரு தாயத்தாகவே இருக்கின்றது. கைத்துப்பாக்கியோ சுடுகலன்களிற் குறிவைக்க மிகக் கடினமானது. குழல் குறுகியதாதலால், கையில் ஒரு மயிரிழை அசைவு ஏற்பட்டாலும் குறி வெகுதூரம் விலகும். வெடியோசையை எதிர்பார்த்து, அது எழுமுன்னரே கை தன்னையறியாமல் கீழே துள்ளுவது புதியவர் எல்லோரிடமும் காணப்படும் குறை. இதைத் தீர்க்கத் தோட்டாவே இல்லாமற் செய்யும் பயிற்சி உண்டு. வெறுமையாக்கிச் சோதித்த துப்பாக்கியின் முன்குறிமேல் ஒரு நாணயத்தை வைத்து, அது விழாதபடி விசையை மெல்ல அழுத்திப் பழகுவர். ரவை ஊடுருவாத சுவரையே அப்போதும் நோக்கவேண்டும். சிறிய 22 ரகத் துப்பாக்கிகள் பலவற்றுக்கு இந்தப் பயிற்சி ஆகாது. தட்டும் ஊசி வெடியறையின் விளிம்பில் மோதிப் பழுதுபடும்.

சுடுதிடலில், எதிர்பார்த்த ஓசைக்குப் பதிலாக மெலிந்த ஓர் ஒலி கேட்டால் உடனே நிறுத்தவேண்டும். ரவை குழலினுள்ளே சிக்கியிருக்கக்கூடும். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழலே வெடிக்கும். வெடிக்காது போன தோட்டாவையும் அவசரப்பட்டு எடுத்தலாகாது. குழல்வாயை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடமேனும் காத்திருத்தல் வேண்டும். தாமதித்து வெடிப்பதும் உண்டு. வீடு திரும்புமுன் கைகளைச் சவர்க்காரத்தாற் கழுவுதல் அவசியம், ஈயத்தூள் கையோடு வந்து குழந்தைகளையும் சேரும்.

அரிசோனாவில் 1976இல் கைத்துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கிய ஜெவ் கூப்பர் வகுத்த நான்கு விதிகள் பெயர்பெற்றவை. எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் தோட்டா ஏற்றியதே என்று கொள்ளல். அழிக்க விரும்பாத எதனையும் குழல்வாய் நோக்காதிருத்தல். குறி இலக்கில் அமையும்வரை விசையிலே விரல் வையாமை. இலக்கையும் அதன் பின்னுள்ளதையும் அறிந்துகொள்ளல். வீட்டைப் பொறுத்தமட்டில் கடைசி விதியே மிகக் கொடியது. இருளில் நிற்கும் உருவம் கள்வனா, தாமதித்து வீடு திரும்பிய மகனா? அமெரிக்க வீடுகளின் உட்சுவர் பெரும்பாலும் மெல்லிய சாந்துப்பலகையே. ரவை அதை எளிதிற் கடந்து அடுத்த அறைக்குச் சென்றுவிடும். ஆகவேதான் நல்ல பயிற்சியாளர், மின்சூளைக் கையில் ஏந்தி, உரத்த குரலில் யாரென்று கேட்பதையும் சுடும் பயிற்சியோடு சேர்த்தே கற்பிக்கின்றனர்.

கெலர்மன், றே என்னும் மருத்துவர் இருவர் 1986இல் வெளியிட்ட ஆய்வு பெரும் விவாதத்தைக் கிளப்பியது. வொஷிங்டன் மாநிலத்தின் கிங் மாவட்டத்தில், துப்பாக்கி இருந்த வீடுகளிலே ஆறாண்டுகளில் நிகழ்ந்த சாவுகளை அவர்கள் கணக்கெடுத்தனர். தற்காப்புக்காகக் கொல்லப்பட்டவர் ஒருவருக்கு, தற்கொலை, கொலை, விபத்து ஆகியவற்றால் மாண்டவர் 43 பேர் எனக் கண்டனர். சுடாமலே கள்வனை விரட்டியவர்கள் இக்கணக்கில் இல்லை என்று எதிர்ப்பக்கத்தார் கூறுவது நியாயமே. ஆனால் அந்த 43இல் பெரும்பகுதி தற்கொலை என்பதை அவர்களும் மறுப்பதில்லை. அமெரிக்காவில் இன்றும் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகளே.

குழந்தையின் கைக்கு எட்டும்படி துப்பாக்கியை வைத்தவரைத் தண்டிக்கும் சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் புளோரிடா, ஆண்டு 1989. சிறு இரும்புப் பேழையைக் கட்டிலருகே சுவரோடு பிணைத்து, இருளிலும் விரலாற் தடவித் திறக்கத்தக்க பொத்தான் பூட்டு இடுவது இப்போது பலர் கைக்கொள்ளும் வழி. மின்கலம் தீர்ந்துவிட்டால் திறப்பதற்குரிய சாவி அதே அறையின் மேசையில் கிடந்தால், பேழை இருந்தும் பயனில்லை. வீட்டுப் பிள்ளைகளுக்கு அது இருக்கும் இடம் பெற்றோர் நினைப்பதிலும் முன்னதாகவே தெரிந்திருக்கும். வீட்டில் ஒருவர் மனம் உடைந்து, உறக்கமின்றித் தனித்திருக்கத் தொடங்கினால் பூட்டை நம்பியிராது, துப்பாக்கியையே வெளியே அனுப்புதல் வேண்டும் என்று மருத்துவரும் துப்பாக்கிக் கடைக்காரரும் ஒருங்கே கூறுகின்றனர். கொலராடோ முதலிய மாநிலங்களில் அத்தகைய ஆயுதங்களைச் சிலகாலம் பொறுப்பேற்று வைத்திருக்கும் கடைகளும் பொலிஸ் நிலையங்களும் உண்டு. அவை எங்கெங்கே உள்ளன என்பதைக் காட்டும் படமும் பொதுமக்களுக்காக வெளியிடப்பட்டிருக்கின்றது.