ஆசிரியர்களே நடத்திக்கொள்ளும் பயிற்சி

மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சி என்றால் பொதுவாகத் தலைப்பு மேலிடத்திலிருந்து வரும். ஒருவர் பேசுவார், மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள். தன் வகுப்பில் ஒரு டீச்சருக்கு எழுந்த கேள்வியிலிருந்தே பயிற்சியைத் தொடங்கலாமே! வட இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகரம் இதைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது.

1945-இல் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, அந்நகரின் அருகிலுள்ள வில்லா செல்லா கிராமத்து மக்கள், ஜெர்மன் படை விட்டுப்போன டாங்கி, லாரிகள், குதிரைகளை விற்ற காசில் குழந்தைகளுக்குப் பள்ளி கட்டத் தொடங்கினார்கள். செய்தி கேட்டு சைக்கிளில் போய்ப் பார்த்த இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுஸ்ஸி, பின்னாளில் அந்நகரின் கல்விமுறைக்கே வழிகாட்டியானார். 1963-இல் நகராட்சி தன் முதல் மழலையர் பள்ளியைத் திறந்தது.

அங்கே ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். இருவரும் சமம். குழந்தைகள் பேசுவதை அப்படியே எழுதி வைப்பார்கள், பதிவு செய்வார்கள், படம் எடுப்பார்கள். வாரக் கூட்டத்தில் அதைச் சக ஆசிரியர்கள் முன் வைப்பார்கள். அவர்களுக்குப் பயிற்சி அதுதான்.

நிழலைப் பற்றி அந்நகரக் குழந்தைகள் சொன்னவை 1990-இல் நூலாக வந்தன. நூலின் பெயர், ‘எறும்பைத் தவிர எல்லாவற்றுக்கும் நிழல் உண்டு’. இப்படி ஒரு பேச்சு கூட்டத்துக்கு வந்தால், ‘தவறு, திருத்துங்கள்’ என்று முடித்துவிடலாம். ஆனால் குழந்தை எறும்பை எவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தது, அப்போது வெயில் எப்படி இருந்தது, நாளை பூதக்கண்ணாடியோடு முற்றத்துக்குப் போகலாமா என்று கேட்டால், டீச்சருக்கு அடுத்த நாள் வேலை கிடைத்துவிடும். கருத்து வேறுபாடு வந்தால் இன்னும் நல்லது. மறுநாள் குழந்தைகளைக் கவனித்தே அதைத் தீர்த்துக்கொள்ளலாம். பல பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு கல்வி ஒருங்கிணைப்பாளர் இருப்பார். அவர் கூட்டத்தில் சேர்ந்து யோசிப்பவர், மேற்பார்வை அதிகாரி அல்ல.

இதெல்லாம் ஆர்வத்தால் மட்டும் நடப்பதில்லை. ஆசிரியருக்கு வாரம் 36 மணி நேர வேலை என்றால், குழந்தைகளோடு 30 மணி, கூட்டம், திட்டமிடல், பதிவு, பயிற்சிக்கு 6 மணி என்று பிரித்தார்கள். அந்த ஆறு மணிக்கும் சம்பளம் உண்டு. என் பார்வையில் இந்த முறையின் உயிர்நாடி இதுதான். வேலை முடிந்து களைத்தவரிடம் ‘கற்றுக்கொள்’ என்று சொல்வது நியாயமில்லை.

பள்ளியோ குழந்தைகள் காப்பகமோ நடத்துகிறீர்களா? வாரம் ஒரு மணி நேரத்தைச் சம்பளத்தோடு ஒதுக்குங்கள். எதைப் பேசுவது என்பதை டீச்சர்களும் ஆயாக்களும் முடிவு செய்யட்டும்.