கைப்பேசி சொல்லும் பத்தியம்

குடலில் அழற்சி கண்டு, நாளுக்குப் பத்துத் தடவை வெளிக்குப் போய்த் துவண்டு, நடுநிசியில் உறக்கமின்றிக் கைப்பேசியைத் திறக்கும் நோயாளியின் முன், யாரோ ஒருவர் மலர்ந்த முகத்தோடு தோன்றி, 'இந்தச் சாற்றை வெறும் வயிற்றில் ஒரு மண்டலம் குடியுங்கள். மாத்திரைகளைத் தூர எறியுங்கள்' என்று உபதேசிக்கும்போது, அதை நம்பாமலிருக்க எவ்வளவு மனோதிடம் வேண்டும் என்பதை அந்த வேதனையை அறியாதவர் உணர்வது கடினம். நம்புகிறவர்மீது எனக்குக் கோபமில்லை, அனுதாபமே உண்டு.

இத்தகைய குடல் அழற்சியின் வடிவங்களான குரோன் நோய், பெருங்குடல் புண் நோய் ஆகிய இரண்டும் என்றும் ஒரே சீராக இருப்பவை அல்ல. சில காலம் உக்கிரமாகச் சீறி, சில காலம் தாமாகவே தணிந்து கிடக்கும் சுபாவம் உடையவை. உபாதை உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதன் புதுப் பத்தியம் தேடுகிறான். ஆதலால் அடுத்து வரும் தணிவுக்குரிய புகழ் முழுவதையும், அப்போது அவன் உண்டதோ விலக்கியதோ எதுவோ, அதுவே தட்டிக்கொண்டு போகிறது. போதாக்குறைக்கு, வலியும் பேதியும் நின்ற பின்னும் உள்ளே புண் ஆறாமல் இருப்பது இந்நோயில் சகஜம்.

அமெரிக்காவில் எலைன் காட்ஷால் என்ற அம்மையார், பெருங்குடல் நோயால் நலிந்த தம் சிறு மகள், தானியமும் சர்க்கரையும் கிழங்கும் விலக்கிய ஒரு பத்தியத்தால் தேறியதைக் கண்டு, நடுவயதில் கல்லூரி சென்று உயிரியல் பயின்று, அப்பத்தியத்தைப் புத்தகமாகவும் எழுதினார். அவருடைய சிரத்தை வணங்கத்தக்கது. ஆனால் 2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குரோன் நோயாளிகளில் ஒரு சாராருக்கு அந்தப் பத்தியத்தையும், மற்றொரு சாராருக்குக் காய்கனியும் பருப்பும் ஆலிவ் எண்ணெயும் மிகுந்த மத்தியதரைக்கடல் நாட்டு உணவையும் 6 வாரம் கொடுத்துப் பார்த்தபோது, உபாதை தணிந்தவர் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக, பாதிக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தனர். ரத்தத்தில் அழற்சியின் அடையாளம் சீரடைந்தவரோ இரு பக்கமும் மிகச் சொற்பம். அரிசியையும் ரொட்டியையும் துறந்த கடுந்தவத்துக்குத் தனிப் பலன் காணப்படவில்லை.

உபதேசம் அபாயமாகவே முடிவது நார்ச்சத்து விஷயத்தில். ஊராருக்கெல்லாம் நன்மை செய்யும் நார், குடலின் ஒரு பகுதி தழும்பேறிக் குறுகிப்போன நோயாளிக்கு வினையாகலாம்: துப்பாமல் விழுங்கிய முருங்கைக்காய்ச் சக்கையும் ஆரஞ்சுச் சுளையின் தோலும் அக்குறுகலில் சிக்கி, வயிறு உப்பி, வாந்தி கண்டு, அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோய்விடக் கூடும். குறுகல் இருக்கிறதா என்பது ஸ்கேன் பார்த்தவருக்குத் தெரியும். லட்சம் பேருக்கு ஒரே வாக்கியத்தைச் சொல்பவருக்கு எப்படித் தெரியும்?

ஆகாரத்தால் ஆவது ஒன்றுமில்லை என்பது என் அபிப்பிராயமன்று. குரோன் நோய் கண்ட குழந்தைகளுக்கு, வேறு உணவு யாவும் நிறுத்தி, 6 முதல் 8 வாரம் திரவ உணவை மட்டுமே மருத்துவக் கண்காணிப்பில் கொடுத்து அழற்சியை அடக்குவது, முதற்சிகிச்சையாகவே பல நாடுகளில் அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. அப்படியிருக்க, 'டாக்டர், நான் என்ன சாப்பிடலாம்?' என்று கேட்பவருக்கு, 'காரத்தைக் குறையுங்கள்' என்று மட்டும் சொல்லி மருந்துச் சீட்டை நீட்டிவிடுவது எந்த வகையிலும் நியாயமாகாது. குடல் நோய்ப் பிரிவு ஒவ்வொன்றிலும் உணவியல் நிபுணர் ஒருவர் அமர்ந்து, எடை குறைந்திருக்கிறதா, இரும்புச் சத்தும் பி12-உம் போதுமா, குறுகல் உண்டா என்று பார்த்து, அந்த வீட்டு அடுப்பில் ஆகக்கூடிய உணவையே எழுதிக்கொடுக்க வேண்டும்; அதற்குரிய நேரத்தையும் சம்பளத்தையும் ஒதுக்குவது மருத்துவமனை நிர்வாகத்தின் பொறுப்பு.