உஸ்குதார் மெட்டும் அதன் சொந்தக்காரர்களும்

நாட்டார் பாட்டொன்றை யாராவது புதிதாகப் பாடி வெளியிட்டால், கேட்கிற ஆக்கள் இரண்டு கட்சியாகப் பிரிவது எந்த ஊரிலும் நடக்கிற விடயம். “என்னதான் சொன்னாலும் பழசு போல வராது” என்பார் ஒருவர். “பழசு ஆருக்கு விளங்குது, இதுதான் நல்லா இரிக்கு” என்பார் மற்றவர். அநேகமாகத் தேத்தண்ணிக் கோப்பை காலியாகும்போது அந்தத் தர்க்கமும் முடிந்துவிடும். ஆனால் ஒரு பாட்டைப் பற்றிய தர்க்கம், ஆளைத் தூக்கில் போடுவோம் என்ற பேச்சு வரைக்கும் போயிருக்கிறது. அந்தப் பேச்சு கெமராவிலும் பதிவாகியிருக்கிறது.

பாட்டின் துருக்கிப் பெயர் ‘காதிபிம்’. என் எழுத்தர் என்று பொருள். (எங்கட பள்ளிவாசல் கத்தீபோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர் குத்பா ஓதுகிறவர். இது கிதாப், மக்தப் என்ற சொற்கள் பிறந்த அதே வேரிலிருந்து வந்த காதிப், அதாவது எழுதுகிறவர்.) இஸ்தான்பூல் நகரத்தின் ஆசியக் கரையில் இருக்கிற உஸ்குதாருக்குப் போகிற வழியைச் சொல்லித் தொடங்குவதால் ‘உஸ்குதார் பாட்டு’ என்றும் அதை அழைப்பார்கள்.

2003ஆம் ஆண்டு பல்கேரிய இயக்குநர் அடேலா பீவா, ‘இந்தப் பாட்டு யாருடையது?’ என்ற விவரணப் படத்தை வெளியிட்டார். இஸ்தான்பூலில் ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றித் துருக்கியர், கிரேக்கர், மசிடோனியர், சேர்பியர் என நண்பர்கள் இருக்கிறார்கள். பல்கேரியராகப் பீவாவும் இருக்கிறார். இந்தப் பாட்டு ஒலிக்கிறது. ஒவ்வொருவரும் இது எங்கட நாட்டுப் பாட்டு என்கிறார்கள். யார் சொல்வது சரி என்று பார்க்கப் பீவா புறப்படுகிறார். துருக்கி, கிரேக்கம், அல்பேனியா, பொஸ்னியா, மசிடோனியா, சேர்பியா, பல்கேரியா என்று போகிற இடமெல்லாம் மெட்டு இருக்கிறது, சொல் வேறாக இருக்கிறது, உரிமை கோருகிறவரும் இருக்கிறார்.

ஆரம்பத்தில் சிரிப்பாகத்தான் போகிறது. சேர்பியாவில் ஒரு விருந்தில், பொஸ்னியாவில் இதே மெட்டில் பாடப்படும் போர்ப் பாட்டொன்றை அவர் போட்டுக் காட்டுகிறார். மேசையில் இருந்தவர்களின் முகம் மாறிவிடுகிறது. இது திருட்டு, எங்களைச் சீண்டுகிற வேலை என்று எழும்பிப் போகிறார்கள். பல்கேரியாவின் ஸ்ட்ராஞ்சா மலைப்பகுதியில் இதே மெட்டு, உஸ்மானியருக்கு எதிரான கிளர்ச்சியை நினைவுகூரும் பாட்டாக இருக்கிறது. அங்கே ஒரு விழாவில், இது துருக்கிப் பாட்டு என்றும் சிலர் சொல்கிறார்களே என்று அவர் கேட்டுவிட்டார். அப்படிச் சொல்கிறவனை மரத்தில் தொங்கவிட வேண்டும் என்ற பதில்தான் கிடைத்தது. ஒரு கரையில் எழுத்தர்மேல் கொண்ட காதலைச் சொல்கிற மெட்டு, மறு கரையில் அந்த எழுத்தரின் அரசுக்கு எதிராகத் துவக்கு ஏந்தியவர்களின் மெட்டு.

துருக்கிப் பாட்டு என்ன சொல்கிறது? பாடுகிறவள் ஒரு பெண். மழை பெய்கிறது. அவளுடைய எழுத்தர் போட்டிருக்கிற நீளக் கோட்டின் விளிம்பில் சேறு படிகிறது. கஞ்சி போட்ட சட்டை அவருக்கு எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்று மெச்சுகிறாள். அவர் எனக்கு, நான் அவருக்கு, இதில் ஊருக்கு என்ன வேலை என்று கேட்கிறாள். அவ்வளவுதான் கதை. 19ஆம் நூற்றாண்டில் உஸ்மானிய அரசு உத்தியோகத்தரை ஐரோப்பியப் பாணி உடுப்புக்கு மாற்றியது. அந்தக் கோட்டையும் சட்டையையும் பார்த்த ஊர் பாதி வியந்தது, பாதி நக்கலடித்தது. இரண்டும் இந்தப் பாட்டில் கேட்கும்.

மெட்டின் பிறப்பைப் பற்றித் துருக்கியிலேயே ஒரு கதை உண்டு. 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரின்போது பிரித்தானியப் படைகள் உஸ்குதாரில் தங்கியிருந்தன. புளோரன்ஸ் நைட்டிங்கேல் பணிசெய்த ஸெலிமியே படைமுகாம் அங்கேதான் இருக்கிறது. அப்போது ஸ்கொட்லாந்துப் படையினர் வாசித்த அணிநடை இசையிலிருந்துதான் இந்த மெட்டு வந்தது என்பது அந்தக் கதை. நிரூபிக்கப்பட்டதல்ல. ஆனால் தங்கட பாட்டு என்று ஒரு நாடே மார்தட்டுகிற ஒன்றைப் பற்றி அந்த நாட்டுக்காரரே இப்படியும் ஒரு கதை வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்த மெட்டு ஏன் இத்தனை நாட்டுக்கு நடந்தது? ஒரு காரணம் இசைக்குள்ளேயே இருக்கிறது. துருக்கி இசையில் ராகத்துக்குச் சமமானதை மகாம் என்பார்கள். பல மகாம்களில் மேற்கத்தைய வாத்தியங்கள் தொட முடியாத நுண்சுரங்கள் உண்டு. அவற்றைப் பியானோவில் வாசித்தால் உயிர் போய்விடும். காதிபிம் அமைந்திருப்பது நிஹாவந்த் மகாமில். அது ஐரோப்பியரின் மைனர் அளவுக்கும், எங்கள் பக்கத்துக் கீரவாணிக்கும் கிட்டத்தட்ட இணையானது. ஊதில் வாசிக்கலாம், கிளாரினெட்டில் வாசிக்கலாம், அக்கோர்டியனில் வாசிக்கலாம், இராணுவ பாண்டிலும் வாசிக்கலாம். எங்கே போனாலும் அந்த ஊர் வாத்தியம் அதை வரவேற்கும். தாளமும் நேரானது, ஒரு தடவை கேட்டால் கை தட்ட வரும்.

சில பதிவுகளை வீட்டில் போட்டுக் காட்டினேன். துருக்கிப் பாடகி ஸஃபியே அய்லாவின் 1949ஆம் ஆண்டுப் பதிவு முதலில். எங்கட சாச்சா இரண்டு வரி கேட்டதும், “டேய், இது பொனி எம்மிட பாட்டெல்லோ!” என்றார். 1978இல் வந்த ‘ரஸ்புதின்’ பாட்டைத்தான் அவர் சொல்கிறார். அந்தக் காலத்தில் கலியாண வீடுகளில் கேட்டுக் கேட்டு அவருக்கு அதுதான் அசல். ஸஃபியே அய்லா பாடியது யாரோ துருக்கிக்காரி மெதுவாகப் பாடிப் பார்த்த ‘கவர்’. அமெரிக்கப் பாடகி ஏர்தா கிட் 1953இல் பாடிய பதிவைப் போட்டேன். துருக்கிச் சொற்களைப் பாடிக்கொண்டே இடையிடையே ஆங்கிலத்தில் கதை சொல்லி, குறும்பாகச் சிரிக்க வைக்கிற பதிவு அது. மகளுக்கு அது பிடித்தது. “இவதான் வாப்பா விளங்குற மாதிரிப் பாடுறா” என்றாள். சாச்சிக்குப் பிடிக்கவில்லை: “ஒரு பொம்பிளைட ஆசைய இவ பகிடியாக்கிப் போட்டா.” சாச்சி சொன்னது என் மனதில் நின்றது. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ‘அசல்’ என்ற பேச்சைப் பார்ப்போம். ஸஃபியே அய்லாவின் பதிவுதான் மூலம், மற்றதெல்லாம் நகல் என்று நினைக்கிற இரசிகர்கள் பலர். ஆனால் நியூயோர்க்கில் நப்தூலே பிராண்ட்வைன் என்ற யூதக் கிளாரினெட் கலைஞர் இதே மெட்டை 1924இலேயே பதிவுசெய்துவிட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘அமெரிக்காவில் துருக்கியன்’. அதாவது நகல் என்று சொல்லப்படுவது, அசல் என்று சொல்லப்படுவதைவிடக் கால் நூற்றாண்டு மூத்தது. இசைத்தட்டின் வயது பாட்டின் வயது அல்ல. நாட்டார் பாட்டில் எங்கள் கைக்குக் கிடைப்பதெல்லாம் மறுபாடல்கள்தான். அந்த முதல் பெண், அப்படி ஒருத்தி இருந்திருந்தால், எந்தக் கருவியின் முன்னாலும் நின்று பாடவில்லை. ஆகவே சாச்சாவைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை எனக்கில்லை. முதலில் காதில் விழுந்ததை அசல் என்று எடுத்துக்கொள்வதில் அவரும் ஸ்ட்ராஞ்சா மலைக்காரரும் ஒன்றுதான். சாச்சா ஆளைத் தொங்கவிடச் சொல்லவில்லை என்பது மட்டும் வித்தியாசம்.

அப்படியென்றால் எந்த மறுபாடலும் ஒன்றுதானா? இல்லை. சாச்சியின் குறைக்கு இங்கேதான் இடம் வருகிறது. துருக்கிப் பாட்டில் பார்க்கிறவள் பெண், பார்க்கப்படுகிறவர் ஆண். அவருடைய கண், சட்டை, கோட்டு எல்லாவற்றையும் அவள் கணக்கெடுக்கிறாள். மெட்டு ஊர் தாண்டினதும் இது தலைகீழாகிவிட்டது. பொஸ்னியப் பாட்டில் ஆண் ஓர் அனதோலியப் பெண்ணைத் தன்னைப் பார்க்கும்படி கெஞ்சுகிறான். லெபனானில் பிறந்த முஹம்மத் அல்-பக்கார் 1957இல் பதிவுசெய்த அரபுப் பாட்டு அலெக்சாந்திரியாவின் பெண்களைப் பற்றியது. கிரேக்கப் பாட்டும் தூர தேசத்திலிருந்து வந்த ஒரு சிறுமியைப் பற்றியது. மெட்டு தப்பியது, அந்தப் பெண்ணின் குரல் தப்பவில்லை. சந்தைக்கு எது ஓடுமோ அதைப் பாடினார்கள். ஏர்தா கிட்டாவது பெண்ணின் வாயிலேயே சொல்லை விட்டுவைத்தார், பகிடியாக்கினாலும். இந்த விடயத்தில் நான் மகளின் கட்சிக்கும் சாச்சியின் கட்சிக்கும் நடுவில் நிற்கிறேன்.

இனி எங்கட ஆக்களுக்கு நெருக்கமான பகுதி. இந்த மெட்டு இபாதத்தின் பக்கமும் வந்திருக்கிறது. பொஸ்னிய முஸ்லிம்கள் இதில் கஸீதா பாடுகிறார்கள். பீவாவின் படத்திலேயே அதைக் கேட்கலாம். வங்காளக் கவிஞர் காஸி நஸ்ருல் இஸ்லாம் இந்த மெட்டுக்கு இரண்டு பாட்டு எழுதினார். ஒன்று காய்ந்த இலைகள் சலங்கையாகச் சலசலக்க ஆடிவருகிற உருவத்தைப் பாடுவது. மற்றது மூவுலகின் அன்புக்குரிய முஹம்மது நபி (ஸல்) அவர்கள் உலகுக்கு வந்ததைக் கொண்டாடும் நாத். மெட்டு ஒன்று, எழுதிய கை ஒன்று. நஸ்ருல் முதலாம் உலகப்போர்க் காலத்தில் 49ஆவது வங்காளப் படைப்பிரிவில் சேர்ந்து கராச்சி முகாமில் இருந்தவர். பாரசீக, அரபு, துருக்கி உலகத்தின்மேல் அவருக்கு வாழ்நாள் முழுக்க ஈர்ப்பு இருந்தது.

எங்கட ஊர் மீலாத் மேடைகளில், சினிமா மெட்டில் பிள்ளைகள் இஸ்லாமிய கீதம் பாடினால் பின்வரிசையில் ஒரு முணுமுணுப்புக் கிளம்பும். “ஸலவாத்தைக் கேக்கக்குள்ள நடிகைட முகமெல்லோ ஞாபகம் வருது” என்று ஒரு பெரியவர் என்னிடமே சொன்னார். அந்தக் குறையை நான் லேசாகத் தள்ளமாட்டேன். மெட்டு வெறும் பாத்திரமல்ல, முன்னே ஊற்றியதன் வாசம் அதில் ஒட்டியிருக்கும். ஆனால் வாசம் எவ்வளவு காலத்துக்கு நிற்கும் என்பது கேட்கிறவரைப் பொறுத்தது. நஸ்ருலின் நாத்தைச் சின்ன வயசில் இருந்து கேட்டு வளர்ந்த வங்காளி ஒருவருக்கு உஸ்குதாரின் எழுத்தர் எப்படி ஞாபகம் வருவார்? அவருக்குப் பிறகு காதிபிம் காதில் விழுந்தால், நாத்தின் மெட்டில் யாரோ காதல் பாடுகிறார்களே என்றுதான் மனம் சுளிக்கும். ஆகவே புனிதச் சொல்லுக்கு உலகியல் மெட்டு ஆகுமா என்ற கேள்விக்கு மெட்டை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. எந்தச் சபை, எந்த மெட்டை, எதற்காக நினைவில் வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரியவரின் சபைக்கு அந்தச் சினிமாப் பாட்டு இன்னும் சூடு ஆறவில்லை. அவருக்கு முன்னால் அதைப் பாடாமல் விடுவதுதான் அதபு.

எனக்குள்ள மனக்குறை வேறு. எங்கள் பழைய தமிழ்ப் பாட்டுப் புத்தகங்களில், முனாஜாத்தோ கீர்த்தனையோ, பாட்டுக்கு மேலே இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று அச்சடித்திருப்பார்கள். இரவல் வாங்கியதை மறைக்கிற எண்ணமே அவர்களுக்கு இல்லை. படிக்கிறவருக்குப் பாடத் தெரிய வேண்டும் என்பதற்காகப் போட்டதுதான். ஆனாலும் ஒரு மெட்டு எந்த வழியாக வந்தது என்று இன்று தேடுகிறவருக்கு அந்த ஒற்றை வரி பெரிய ஆதாரம். பிற்காலத்தில் வந்த கசெட்டுகளிலும் சீடிகளிலும் அந்த வரி அநேகமாக இல்லை. பாடியவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், மெட்டு வானத்திலிருந்து விழுந்ததுபோல இருக்கும். மாற்றிப் பாடுவதில் எனக்கு வழக்கில்லை. எங்கிருந்து எடுத்தது என்பதைச் சொல்லாமல் விடுவதில்தான் வழக்கு. சேர்பிய மேசையில் எழும்பிப் போனவர்களுக்கும், இந்த மெட்டு எத்தனை வீட்டுப் படியேறி வந்தது என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்குமோ என்னவோ.

கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். பிராண்ட்வைனின் கிளாரினெட்டில் தொடங்குங்கள். அதில் சொல்லே இல்லை, மெட்டு மட்டும் மனதில் பதியும். அடுத்து ஸஃபியே அய்லா, பிறகு அல்-பக்கார், அதற்குப் பிறகு ஏர்தா கிட். நஸ்ருலின் இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள், நாத்தை இரண்டாவதாக. பொனி எம்மைக் கடைசிக்கு விடுங்கள். வீட்டில் என் சாச்சாவைப் போல யாராவது இருந்தால் மட்டும் அதை முதலில் போடலாம்.